எட்டடிக்கு நாலடி: ஒரு மேசையும் அதற்குப் பின்னால் உள்ள வரலாறும்

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது வாசிகசாலைக்குப் புத்தக றாக்கை அடித்துக் கொடுப்பது எண்டு முடிவெடுத்தோம். புத்தகங்கள் சாக்கிலும் காட்போட் பெட்டியிலும் கிடந்து கறையானுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆளாளுக்குக் காசு போட்டு, மரக்காலையில் ஐந்து பிளைவூட் பலகை வாங்கினோம். ஒவ்வொன்றும் எட்டடி நீளம், நாலடி அகலம், 18 மில்லிமீற்றர் தடிப்பு. 2022 நெருக்கடிக்குப் பிறகு பலகை விக்கிற விலைக்கு ஐந்து பலகை எண்டது எங்களுக்குப் பெரிய காசு.

முதல் பலகையை நாலு பிளாஸ்டிக் கதிரைகளுக்கு மேல் வைத்து, இரவல் வாங்கின மின்வாளால் அரியத் தொடங்கினோம். பாதி தூரம் போனதும் பலகை நடுவில் தொய்ந்தது. வெட்டின இடைவெளி மூடி வாளை இறுக்கிப் பிடித்தது. மிசின் பின்னுக்கு உதறியது. கை கால் ஒன்றும் போகவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். பலகை மட்டும் கோணலாய், விளிம்பு பிய்ந்து போய் நின்றது. ஐந்தில் ஒன்று முடிந்தது.

சத்தம் கேட்டு அடுத்த வளவில் இருந்து தச்சுவேலை செய்கிற ஐயா வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "கதிரையில வைச்சா நடுவில தொங்கும்தானே. தொங்கிற பலகை வாளைக் கடிக்கும். முதல்ல பலகை படுக்க ஒரு இடம் செய்யுங்கோ பிள்ளையள்" என்றார்.

அந்த 'இடம்' தான் பிறகு நாங்கள் செய்த மேசை. ஏழரை அடிக்கு மூன்றரை அடி. அதைக் கட்டும்போது ஐயா, "மேசை செய்யிறியளோ, கட்டில் செய்யிறியளோ?" எண்டு கேட்டார். அவர் கேட்டது பகிடிக்குத்தான். ஆனால் எங்களுக்கு அது ஒரு வரலாற்றுக் கேள்வியாகவே தலைக்குள் நின்றுவிட்டது. தச்சர்களின் மேசை எண்டு படங்களில் நாங்கள் பார்த்தவை எல்லாம் நீளமாய், ஒடுக்கமாய் இருக்கும். எங்களுடையது மட்டும் ஏன் கட்டில் மாதிரி அகலம்? கலைப்பீடத்துக்காரர் நாங்கள், அரியத் தெரியாவிட்டாலும் தேடத் தெரியும். தேடியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஒடுங்கின மேசைகள்

கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பேயோடு சேர்ந்து ஹெர்குலேனியம் எண்ட நகரமும் புதைந்தது. அங்கே கிடைத்த ஒரு சுவரோவியத்தில் சிறகு முளைத்த குழந்தைகள் தச்சுவேலை செய்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு தாழ்வான, நீண்ட, ஒடுங்கின மேசை. ஜெர்மனியில் சால்பர்க் எண்ட ரோமானியக் கோட்டையின் கிணறுகளுக்குள் இருந்து மெய்யான வேலை மேசைகளே எடுக்கப்பட்டிருக்கின்றன. அவையும் அதே வடிவம்தான்: ஒரு தடித்த பலகை, அதற்குள் குத்தி இறக்கிய கால்கள்.

அங்கிருந்து ஆயிரத்து அறுநூறு வருசம் தாண்டி வந்தாலும் அகலம் பெரிதாக மாறவில்லை. ஆந்த்ரே-ஷாகோப் ரூபோ எண்ட பாரிஸ் தச்சர் 1769 க்கும் 1775 க்கும் இடையில் தச்சுக்கலை பற்றிப் பெரிய நூல்தொகுதி ஒன்றை வெளியிட்டார். இண்டைக்கும் மரவேலைக்காரர் அதைப் பார்த்து மேசை செய்கிறார்கள். அவர் சொல்கிற மேசையின் நீளம் 6 அடியில் இருந்து 12 அடி வரை போகலாம். அகலமோ 20 முதல் 24 அங்குலம் வரைதான். மேசையைப் பிறகு உயர்த்தினார்கள், இடுக்கி பூட்டினார்கள், ஆப்பு வைத்தார்கள். ஆனால் இரண்டு அடிக்கு மேல் அகட்டத் தேவை வரவில்லை.

காரணம் மரம்தான். மரம் நீளமாக வளரும். அரிந்து எடுக்கிற பலகையும் நீளமாகவும் ஒடுக்கமாகவும்தான் வரும். நாலடி அகலப் பலகை ஒரே துண்டாக வேணுமெண்டால் அதற்கேற்ற பருமனில் மரம் வேணும். அப்படி ஒன்று கிடைத்தாலும் மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி வளைந்துவிடும். ஆகவே அகலமான கதவோ அலுமாரியோ செய்கிற தச்சர், ஒடுங்கின துண்டுகளைச் சட்டத்துக்குள் பொருத்தித்தான் செய்வார். ஒடுங்கின துண்டைச் சீவ, அரிய, துளைக்க ஒடுங்கின மேசை போதும். அந்த மேசையின் முக்கிய வேலை மரத்தை அசையாமல் பிடித்து வைத்திருப்பது.

எங்கள் பக்கத்தில் அந்த மேசைகூட இருக்கவில்லை. தென்னாசியத் தச்சர் நிலத்தில் இருந்து, மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்து, உளியும் சீவுளியும் போட்டவர். எங்கள் வீட்டுச் சாமான்களின் பெயர்களே இதற்குச் சாட்சி சொல்லும். மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். லாச்சி ஒல்லாந்தரிடம் இருந்து வந்தது. உளியும் வாளும் சுத்தியலும் தமிழ். ஆயுதங்கள் எங்களிடம் முன்னமே இருந்தன, கால் வைத்த தளபாடங்களில் கனக்கத்தான் கப்பலில் வந்திறங்கின.

நிலத்தில் இருந்து வேலை செய்தவரை, மேசையில் நிண்டு வேலை செய்தவரோடு ஒப்பிட்டு 'பின்தங்கியவர்' எண்டு எழுதின வெள்ளைக்காரர் கனபேர். எங்கள் ஆட்களும் அதைக் கொஞ்சம் நம்பி, இன்னொரு பக்கம் சாதியையும் சேர்த்து, தச்சரின் அறிவைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தி வைத்தோம். கோயில் தேர் செய்தது நிலத்தில் இருந்து வேலை செய்த கைகள்தான் எண்டது எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட வரவில்லை.

பலகை அகண்ட கதை

அகலப் பலகையின் தடையை உடைத்தது பிளைவூட். யோசனை பழசு. எகிப்தில் சக்காரா படிக்கட்டுப் பிரமிட்டில் ஆறு அடுக்கு மெல்லிய மரம் ஒட்டிச் செய்த சவப்பெட்டி ஒன்றின் எச்சம் கிடைத்திருக்கிறது. மரம் நார் ஓடுகிற திசையில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குத் திசையில்தான் சுருங்கும். ஆகவே ஒரு அடுக்கின் நார் நெடுக்காகவும் அடுத்த அடுக்கின் நார் குறுக்காகவும் வருகிற மாதிரி ஒட்டினால் ஒன்று மற்றதை அசைய விடாது. பிளைவூட்டின் அடுக்குகள் வழக்கமாக மூன்று, ஐந்து, ஏழு எண்டு ஒற்றை எண்ணில் வருவதும் இரண்டு பக்கமும் சமமாக இழுபட வேணும் எண்டதற்காகத்தான்.

19ஆம் நூற்றாண்டில் மரக்குற்றியைச் சுழற்றி, நீளக் கத்தியால் உரிக்கிற இயந்திரம் வந்தது. சுருட்டி வைத்த பாயை விரிக்கிற மாதிரி மரத்தையே விரிக்கலாம் எண்டு ஆனது. ஒரு சாதாரணக் குற்றிக்குள் இருந்து அதன் விட்டத்தைவிடப் பல மடங்கு அகலமான தாள் வெளியே வந்தது.

1905 இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு சிறிய மரப்பெட்டித் தொழிற்சாலை, டக்ளஸ் ஃபேர் மரத்தில் செய்த மூன்றடுக்குப் பலகையைக் கொண்டுபோய் வைத்தது. பசை பூசினது பெயின்ற் தூரிகையால். அழுத்தினது வீடு தூக்குகிற ஜாக்கால். அமெரிக்காவில் பிளைவூட் தொழில் பெரிதாக வளர்ந்தது அங்கிருந்துதான். 1928 இல் எட்டடிக்கு நாலடி எண்ட அளவு அங்கே நியம அளவாக வந்தது. 1934 இல் வோஷிங்டன் மாநிலத்தின் அபர்தீன் நகரில் ஜேம்ஸ் நெவின் எண்ட இரசாயனவியலாளர் தண்ணீருக்கு விடாத பசையைக் கண்டுபிடித்த பிறகு, பலகை வீட்டுக்கு வெளியேயும் நிண்டுபிடித்தது.

ஏன் எட்டுக்கு நாலு? அமெரிக்க மரவீட்டின் சுவருக்குள் 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் நிற்கும். 48 அங்குலம் அதில் மூன்று இடைவெளி, 96 அங்குலம் ஆறு. பலகையின் விளிம்பு சரியாகச் சட்டத்தில் வந்து உட்காரும். எங்கள் வீடுகள் கல்லும் சீமெந்தும். எங்கள் சுவருக்குள் அப்படி ஒரு சட்டமும் இல்லை. ஆனாலும் யாழ்ப்பாண மரக்காலையில் எழுதியிருக்கிற அளவு 2440 க்கு 1220 மில்லிமீற்றர். அதாவது, மெற்றிக் சட்டை போட்ட அதே எட்டடி நாலடி. யாரோ ஒருவரின் சுவர் இடைவெளி எங்கள் றாக்கையின் அகலத்தைத் தீர்மானிக்கிறது.

இனிப் பிரச்சினை தச்சருக்கு. பாரமான, ஆளைவிட உயரமான ஒரு தாளை இரண்டடி மேசையில் எப்படி வைப்பது? இதற்கு இரண்டு விடை வந்தன. ஒன்று ஜெர்மனியில்: 1906 இல் வில்ஹெல்ம் அல்டென்டோர்ஃப், வாள் ஒரே இடத்தில் சுழல, பலகையைத் தாங்கின மேசை வழுக்கி நகர்கிற இயந்திரத்தைச் செய்தார். மற்றது அமெரிக்காவில்: கரும்பு வெட்டுகிறவர்கள் கத்தியோடு படுகிற பாட்டைப் பார்த்த எட்மண்ட் மிஷெல், அந்தக் கத்திக்கு மோட்டர் பூட்டப் போய், கடைசியில் கையில் பிடிக்கிற வட்டவாளைச் செய்தார். 1924 இல் அதை விற்க ஒரு கம்பனி தொடங்கியது. கைவாளுக்கும் எட்டடி நாலடிக்கும் இடையில் நாலே வருசம்தான்.

முதல் விடைக்குப் பெரிய கொட்டகையும் பெரிய காசும் வேணும். இரண்டாவதில் பலகை அசையாமல் படுத்திருக்கும், வாள் அதன்மேல் நடந்து போகும். அதற்குத் தேவை பிடித்து வைக்கிற மேசை இல்லை, தாங்குகிற மேசை. முழுப் பலகையையும், வெட்டி முடிந்த பிறகு இரண்டு துண்டையும், தொய்ய விடாமல் தாங்க வேணும். எங்கள் மேசை கட்டில் மாதிரி ஆனதன் காரணம் இதுதான்.

தேயிலைப் பெட்டி

இவ்வளவும் வேறு நாட்டுக் கதை எண்டு விட்டுவிட ஏலாது. பிளைவூட் இலங்கைக்கு வந்தது றாக்கை அடிக்க இல்லை, தேயிலை ஏற்ற.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில், அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த எஸ்தோனியாவில், இண்டைக்குத் தல்லின் எண்டு சொல்கிற நகரத்தில், லூதர் நிறுவனம் பேர்ச் மரத்தில் பிளைவூட் செய்தது. லண்டனில் அதை விற்ற கம்பனியின் பெயர் வெனெஸ்டா. ஒட்டு மரத்தாளைக் குறிக்கிற 'வெனியர்' எண்ட ஆங்கிலச் சொல்லையும் எஸ்தோனியாவையும் ஒட்டிச் செய்த பெயர். அவர்களின் முக்கிய சரக்குகளில் ஒன்று தேயிலைப் பெட்டி. பாரம் குறைவு, உறுதி கூட. விளிம்புக்குத் தகரம், உள்ளுக்கு ஈயத்தாள். ஷக்கிள்டன் 1907 இல் அந்தாட்டிக்காவுக்குப் போனபோது சாமான் கொண்டுபோனதும் வெனெஸ்டா பெட்டிகளில்தான். அங்கே அந்தப் பெட்டிகளைக் கழற்றித் தளபாடம் செய்தார்கள். பனிக்குள் இருந்து அவர்கள் அச்சடித்த 'அவ்ரோரா ஆஸ்த்ராலிஸ்' எண்ட நூலுக்கு அட்டையாகப் போனதும் அதே பலகைதான்.

1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை மலையகம் முழுக்கப் பரவியபோது, அதை ஏற்ற இலட்சக்கணக்கில் பெட்டிகள் தேவைப்பட்டன. பெட்டியின் பக்கத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும், தேயிலையின் தரம் இருக்கும், நிறை இருக்கும். கொழுந்து கிள்ளின கையின் பெயர் இருக்காது. அந்தப் பெட்டிகள் துறைமுகத்தில் நாட்டின் பெயரோடு கப்பலேறிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. பெட்டிக்கு இருந்த நாடு, பெட்டியை நிரப்பினவருக்கு இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் தடைப்பட்டபோது பெட்டிப் பலகைக்குத் தட்டுப்பாடு வந்தது. காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் அரசு பிளைவூட் தொழிற்சாலை தொடங்கியது. பிறகு கூட்டுத்தாபனம் வந்தது, கொஸ்கமவில் இன்னும் பெரிய ஆலை வந்தது. பெரிய ஆலைக்குப் பெரிய மரம் வேணும். 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜ மழைக்காட்டுக்குள் இயந்திரங்கள் இறங்கின. உரித்துத் தாளாக்குவதற்காக அந்த மரங்கள் வெட்டப்பட்டன. சூழலியலாளரும் பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்புக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டின் பின்பகுதியில் வெட்டு நிறுத்தப்பட்டது. 1978 இல் சிங்கராஜ யுனெஸ்கோவின் உயிர்க்கோள ஒதுக்கமானது, 1988 இல் உலக மரபுரிமை. இண்டைக்குக் குடாவ பக்கத்தால் உள்ளே போகிறவர்கள் நடக்கிற பாதை, அண்டைக்கு மரம் ஏற்றின பாதை.

நாங்கள் வாங்கின பலகை இந்தக் காட்டு மரம் இல்லை. ஆனால் எந்தப் பலகையும் எங்கேயோ ஒரு காட்டில் இருந்துதான் வருகிறது. கதிரைகளுக்கு மேல் வைத்துப் பாழாக்கின அந்த ஒரு பலகையைப் பார்க்கப் பார்க்க, போன காசைவிட இதுதான் கூட உறுத்தியது.

எங்கள் மேசை

ஐயா சொன்னதுதான் கடைசியில் எங்களுக்கு வழி காட்டியது. பிளைவூட் ஊருக்குள் வந்த புதிதில் அவர் என்ன செய்தார் எண்டு கேட்டோம். "காலால மிதிச்சுப் பிடிக்கிற சாமானே அது? நிலத்தில நாலு தடி போட்டு, அதுக்கு மேல பலகையைப் படுக்க விட்டு, முழங்கால் குத்தி அரிஞ்சனாங்கள். இப்ப முழங்கால் ஏலாது" என்றார்.

நிலத்தில் நாலு தடி. எங்கள் மேசையும் அதுதான். அந்த நிலத்தை இடுப்பளவுக்கு உயர்த்தியிருக்கிறோம், அவ்வளவுதான். ரூபோவின் மேசையைவிட ஐயாவின் முழங்காலுக்குத்தான் அது கிட்டின சொந்தம்.

செய்ய விரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறோம். இடிந்த வீடொன்றின் கூரையில் இருந்து எடுத்த பனஞ்சலாகைகளில் சட்டமும் ஆறு கால்களும். பனைக்கு ஆணி இறங்காது, வளையும் அல்லது மரம் பிளக்கும். ஆகவே முதலில் துளைத்து, போல்ட் நட்டுப் போட்டோம். கழற்றி அடுக்கவும் அது வசதி. நடுவில் இரண்டு கால் கட்டாயம் வேணும். உயரம் 32 அங்குலம். மேசை பலகையைவிட எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் சின்னது, அப்போதுதான் கிளாம்ப் பூட்ட விளிம்பு கிடைக்கும். நிலம் மட்டமில்லை. மேசன்மார் பாவிக்கிற தண்ணிக் குழாயால் மட்டம் பிடித்துக் கால்களுக்குக் கட்டை வைத்தோம்.

மேலே மூடின பலகை இல்லை. ஓர் அடிக்கு ஒன்றாகக் குறுக்குத் தடிகள் மட்டும். அவை இறக்குமதிப் பொதிகளோடு வந்த மெல்லிய பலேற் மரம். வாளின் ஆழத்தைப் பலகைக்குக் கீழே ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கு மட்டும் போகிற மாதிரி வைத்தால், ஒவ்வொரு வெட்டும் அந்தத் தடிகளில் ஒரு கீறல் போடும். போடட்டும், அதற்குத்தான் மெத்தென்ற மரம். கீறல் கூடினால் தடியை மாற்றலாம். திருகாணிகளை மட்டும் வாள் தொடாத ஆழத்தில் இறக்க வேணும். கண்ணாடியும் முகமூடியும் போடாமல் வாளைத் தொடாதீர்கள்.

நேராக அரிய ஒரு நேர்விளிம்பு வேணும். அதற்கு உதவியது அந்தப் பாழான முதல் பலகை. நாங்கள் வெட்டின பக்கம்தான் கோணல், தொழிற்சாலை வெட்டின பக்கம் நேர். அதில் ஒரு நீளத்துண்டை எடுத்து, கிளாம்ப் போட்டு, மிச்ச நாலு பலகையையும் அதன் ஓரமாகவே அரிந்தோம்.

இன்னொரு பிழையும் விட்டோம். 48 அங்குலத்தை நாலாகப் பிரித்தால் 12 எண்டு பள்ளிக்கூடக் கணக்கு சொல்லும். மரத்தில் அது சரிவராது. ஒவ்வொரு வெட்டிலும் வாள் எட்டிலொரு அங்குலம் அளவுக்குத் தின்னும். மூன்று வெட்டில் கடைசித் தட்டு ஒடுங்கிப் போனது. அடுத்த பலகையில் இருந்து பதினொன்றே முக்கால் அங்குலமாக அடையாளம் போட்டோம். வெட்டுவதற்கு முன் எல்லாத் துண்டையும் கடதாசியில் வரைந்து பார்ப்பது எண்ட பழக்கமும் அதற்குப் பிறகுதான் வந்தது.

றாக்கை இப்போது வாசிகசாலைச் சுவரோடு நிற்கிறது. மேல்தட்டு கொஞ்சம் ஒடுக்கம், கவிதைப் புத்தகங்கள் அதில். மேசையைக் கழற்றி வைப்போம் எண்டு போனபோது வாசிகசாலைக் காரர் விடவில்லை. மிஞ்சின பிளைவூட் துண்டுகளை அதன் மேல் பரப்பியிருந்தார்கள். பின்னேரங்களில் வயதானவர்கள் பேப்பரை முழுதாக விரித்துப் போட்டு வாசிக்கிறார்கள். விரிச்ச பேப்பர் நாலு அஞ்சு போட்டாலும் இடம் மிஞ்சுது எண்டு ஐயாவுக்குச் சந்தோசம்.

யாருக்காவது பலகை அரிய வேணுமெண்டால் பேப்பர்களை எடுத்துவிட்டுப் பாவிக்கலாம். குறுக்குத் தடி தேய்ந்திருந்தால் ஒன்றை மாற்றிவிட்டுப் போங்கோ.